ஊதாவின் ஊர்: பழவேற்காட்டுத் துணியும் ஒரு நிறத்தின் பயணமும்

தமிழில் வழங்கும் நிறப்பெயர்களுள் பல பூவிலும் பழத்திலும் பிறந்தவை. கத்தரிப்பூ நிறம் என்கிறோம். நாவற்பழ நிறம் என்கிறோம். பழைய இலக்கியம் கற்றோர் காயாம்பூவை நினைவுகூர்வர். ஆனால் இவை அனைத்தையும் ஒருங்கே சுட்டுவதற்கு இன்று நாம் கையாளும் ‘ஊதா’ என்னும் சொல் இம்மண்ணின் பூ எதிலிருந்தும் வந்ததன்று. உருதுவிலும் இந்தியிலும் இதே ஒலியுடன் வழங்கும் சொல்லே தமிழில் நிலைத்தது என்பர் அகராதியியலார். கடைத்தெருவிலும் தறிமேட்டிலும் முஸ்லிம்களின் நாவில் பழகிய ஒரு சொல், நாளடைவில் தமிழர் யாவருக்கும் பொதுவாயிற்று.

சொல் வந்த வழியைச் சொல்லிவிட்டோம். நிறம் வந்த வழி எது? துணிமணிகளில் நாம் காணும் ஆழ்ந்த ஊதா, அதாவது கருமையை நெருங்கியும் கருமையாகிவிடாத அந்நிறம், நம் நாட்டில் எவ்வாறு உண்டாக்கப்பட்டது, எதற்குப் பயன்பட்டது, எங்கெங்கு சென்றது என்பதை ஆராயப் புகுந்தால் நம்மைத் திருவள்ளூர் மாவட்டத்தின் கடற்கரைக்கே அது இட்டுச் செல்கிறது. கும்மிடிப்பூண்டித் தொழிற்பேட்டையின் புகைபோக்கிகளுக்குக் கிழக்கே, உப்பேரியின் வாயிலில் இன்று மீன்பிடி ஊராக அமைந்திருக்கும் பழவேற்காடே அவ்விடம். அதற்கு முன் இந்நிறத்தின் இயல்பைப் பற்றிச் சிறிது சொல்லியாக வேண்டும்.

வானவில்லின் ஓரத்தில், நீலத்துக்கும் அப்பால் தோன்றும் நிறம் ஒன்று. ஏறத்தாழ 380 முதல் 450 நானோமீட்டர் வரையிலான அலைநீளங் கொண்ட ஒளியே அது. நம் கண் இவ்வொளியை மிகக் குறைவாகவே உணர்கிறது. ஆகையால் அது எப்போதும் சற்று இருண்டதாகவே தோன்றும். செம்மையும் நீலமும் கலப்பதால் உண்டாகும் நிறம் மற்றொன்று. இதற்கு வானவில்லில் இடமே இல்லை. கண்ணும் மூளையும் கூடி இயற்றும் நிறம் அது. தமிழில் நாம் இவ்விரண்டையும் ஊதா என்றே அழைக்கிறோம். அரபு மொழி இவற்றை வேறுபடுத்தி அறிந்திருந்தது. நீலஞ்சார்ந்த ஊதா ‘பனஃப்ஸஜ்’. பாரசீகத்தின் பனஃப்ஷா என்னும் சிறு பூவின் பெயர் அது. யூனானி மருத்துவரிடம் இருமலுக்குக் கஷாயம் வாங்கிப் பருகியவர்கள் அப்பெயரை அறிவர். செம்மை மிகுந்தது ‘உர்ஜுவான்’. பண்டைய பினீசியக் கடற்கரையில், தைர், சைதா நகரங்களில் கடற்சங்கின் சுரப்பிலிருந்து எடுக்கப்பட்டு, ரோமப் பேரரசர்களின் தனியுரிமையாகிப் போன சாயத்தின் வழிவந்த பெயர் அது.

உர்ஜுவானைப் பற்றி ஸஹீஹ் முஸ்லிமில் ஒரு நிகழ்ச்சி பதிவாகியுள்ளது. அப்துல்லாஹ் இப்னு உமர் (ரலி) அவர்கள் உர்ஜுவான் நிறச் சேண மெத்தையை விலக்கப்பட்டதாகக் கருதுகிறார்கள் என்ற செய்தி அஸ்மா (ரலி) அவர்களின் காதுக்கு எட்டியது. அவர்கள் ஆளனுப்பி வினவினார்கள். இப்னு உமர் (ரலி) அவர்களோ தம் சேண மெத்தையையே காட்டினார்கள்; அது உர்ஜுவானாகவே இருந்தது. அந்நிறத்தைச் செம்மை மிகுந்ததென்றே உரையாளர்கள் விளக்குவர். இவ்வகை மெத்தைகள் விலக்கப்பட்டதற்குப் பட்டும் பகட்டுமே காரணம் என்று கொண்டோரும் உளர். ஒரு நிறம் ஒரு வர்க்கத்தின் ஆணவத்துக்கு அடையாளமாகியிருந்த காலத்தில் அந்நிறத்தைப் பற்றி ஐயம் எழுந்ததும், கேள்விக்கு விடையாக ஒரு பொருளையே எடுத்துக் காட்டி ஐயம் தீர்க்கப்பட்டதும் இங்கு நாம் கருதத்தக்கவை.

நிறங்கள் கண்ணில் கலக்கும் விதத்தை ஹிஜ்ரி ஐந்தாம் நூற்றாண்டிலேயே ஆராய்ந்தவர் இப்னுல் ஹைஸம். கி.பி. 1040ஆம் ஆண்டையொட்டி மறைந்த அவ்வறிஞர் தம் கிதாபுல் மனாழிரில் ஒரு பம்பரத்தை எடுத்துக்காட்டாகக் கொள்கிறார். பல வண்ணக் கோடுகள் தீட்டிய பம்பரம் விரைந்து சுழலும்போது தனித்தனி வண்ணங்கள் மறைந்து அவை அனைத்தும் கூடிய ஒரே நிறம் கண்ணுக்குத் தெரிகிறது என்பது அவர் கூற்று. அவ்வறிஞர் பம்பரத்தில் கண்டதைப் பழவேற்காட்டு நெசவாளர் தறியில் கண்டனர் எனலாம். அது எவ்வாறு என்பதைக் காண்போம்.

பழவேற்காடு நெடுங்காலத் துறைமுகம். விசயநகரப் பேரரசின் கீழ்த்திசை வாணிகத்துக்கு அதுவே முதன்மை வாயில். 1510களில் இந்தியக் கரைகளைப் பற்றி எழுதிய போர்த்துக்கேயர் துவார்த்தே பார்போசா, முஸ்லிம் வணிகரும் பிற சமயத்து வணிகரும் நிறைந்த ஊர் என்று இதைக் குறிக்கிறார். இங்கு உருவாகும் வண்ணப் பருத்தித் துணிகள் மலாக்காவிலும் பெகுவிலும் சுமத்ராவிலும் பெருவிலை பெறுவதையும் அவர் சொல்லத் தவறவில்லை. 1610இல் டச்சுக்காரர்கள் வந்தனர். 1613இல் கெல்ட்ரியா கோட்டையை எழுப்பினர். 1690இல் தலைமையிடத்தை நாகப்பட்டினத்துக்கு மாற்றும்வரை சோழமண்டலக் கரையில் அவர்களின் ஆட்சி இங்கிருந்தே நடந்தது. மலுக்குத் தீவுகளில் சாதிக்காயும் கிராம்பும் வாங்குவதற்கு அவர்களுக்கு வெள்ளியைக் காட்டிலும் துணி தேவைப்பட்டது. அத்தீவினர் விரும்பியது சோழமண்டலத் துணியையே. 1825இல் ஊர் ஆங்கிலேயர் கைக்குப் போனது. டச்சுக் கல்லறைத் தோட்டம் இன்றும் தொல்லியல் துறையின் காப்பில் இருக்கிறது. வருவோர் எல்லாரும் அக்கல்லறைகளையும் பறவைகளையும் பார்த்துத் திரும்புகின்றனர். அக்கோட்டை யாருடைய துணிக்காகக் கட்டப்பட்டது என்று கேட்போர் அரியர்.

துணிக்கு அடிப்படையான சாயங்கள் இரண்டு. ஒன்று அவுரி, மற்றொன்று சாயவேர். இம்பூறல் என்றும் பெயருள்ள இச்சிறு செடி கடலோர மணற்பாங்கில் தானே முளைப்பது. இதன் மெல்லிய நீண்ட வேரின் பட்டையில் செஞ்சாயம் இருக்கிறது. ஆந்திரக் கரையிலிருந்து இராமநாதபுரம், மன்னார், யாழ்ப்பாணம் வரை வேர் தோண்டிப் பிழைத்தவர்கள் இருந்தனர். இலங்கையில் டச்சு ஆட்சி இவ்வேரைத் தன் ஏகபோகமாக்கி வைத்திருந்தது. ஆங்கில ஆவணங்களில் ‘சாய் ரூட்’ என்று வருவதும் நம் ‘சாய’ என்னும் சொல்தான். பழவேற்காடு என்ற பெயரிலேயே வேர் இருக்கிறதே என்று சாயவேரோடு முடிச்சுப் போட விரும்புவோருக்கு நாம் துணை நிற்க மாட்டோம். ஊர்ப்பெயர் ஆராய்ச்சியில் இத்தகைய கவர்ச்சிகளே பெருந்தீங்கு.

வேரைக் கொதிக்க வைத்துத் துணியை முக்கினால் மட்டும் செம்மை பற்றாது. முதலில் துணியின் கஞ்சியும் எண்ணெய்ப் பசையும் போக வெளுக்க வேண்டும். பின்னர் கடுக்காய்ச் சாற்றிலும் எருமைப்பாலிலும் ஊறவைத்து உலர்த்துவர். கடுக்காயின் துவர்ப்பு உலோக உப்புகளைப் பிடித்து வைக்கும். பாலின் கொழுப்பு, தீட்டிய கோடு பக்கங்களில் பரவாமல் காக்கும். சிவப்பு வேண்டிய இடத்தில் படிகாரக் கரைசலைப் பூசுவர். கறுப்பு வேண்டிய இடத்தில் துருப்பிடித்த இரும்பை வெல்லத்துடனோ புளித்த கஞ்சியுடனோ நொதிக்க வைத்து எடுத்த நீரைப் பூசுவர். அதன் பின்னரே சாயவேர்க் கொப்பரையில் துணி இறங்கும். வெந்து எழும்போது படிகாரம் பட்ட இடம் செந்நிறமாகவும், இரும்பு நீர் கடுக்காய்த் துவர்ப்பையும் சாயவேரையும் சந்தித்த இடம் கறுப்பாகவும் மாறியிருக்கும். அவ்விரும்பு நீரை மிக நீர்த்துப் பூசினால் அதே வேர், அதே கொப்பரை, ஊதாவைத் தரும்.

இந்த நுட்பத்தை ஐரோப்பியர் அறிய ஆவல்கொண்டனர். புதுச்சேரியிலிருந்து கடற்படை அதிகாரி பொலியூ 1734ஐ ஒட்டி எழுதிய குறிப்பும், சேசு சபைப் பாதிரியார் கேர்து 1742இல் எழுதிய கடிதமும் அவ்வாவலின் விளைவுகள். கேர்து தம்மிடம் மதம் மாறி வந்த சாயக்காரர்களிடம் கேட்டே எழுதினார். தொழிலின் மறைபொருள் ஒரு கடிதத்துக்குள் அடங்கிப் பாரிசுக்குப் போனது. கேட்டவரின் பெயர் வரலாற்றில் நிலைத்தது. சொன்னவர்களின் பெயர்களை நாம் அறியோம்.

இரும்பால் பிறக்கும் ஊதாவுக்கு ஒரு குறை உண்டு. இரும்பு பருத்தியை மெல்ல அரிக்கும். பழைய சோழமண்டலத் துணிகளைக் காணும் வாய்ப்புப் பெற்றோர் ஒன்றைக் கவனித்திருப்பர். சிவப்பும் நீலமும் முந்நூறு ஆண்டுகளுக்குப் பின்னும் நன்றாக இருக்கும். கறுப்புக் கோடுகள் மட்டும் இற்றுக் கிழிந்திருக்கும். ஆகவே உடுத்தி உழைக்கும் துணிக்கு வேறு வழி தேவைப்பட்டது. அவ்வழிக்கு அவுரி வேண்டும்.

அவுரித் தொட்டி ஒரு வியப்பு. இலையிலிருந்து எடுத்த நீலக் கட்டி நீரில் கரையாது. சுண்ணாம்பும், வேகவைத்த தகரை விதையும் சேர்த்துத் தொட்டியை நொதிக்க விடுவர். நீலம் தன் நிறத்தை இழந்து மஞ்சட்பச்சை நீராகிக் கரையும். அதில் முக்கிய நூலை வெளியே எடுத்தவுடன் பச்சையாக இருக்கும். காற்றுப் பட்டதும் கண்ணெதிரே நீலமாகும். ஒவ்வொரு முக்கலும் ஒரு படி ஆழம். ஏற்கெனவே சாயவேரில் சிவந்த நூலை இத்தொட்டியில் முக்கினால் ஆழ்ந்த ஊதா கிடைக்கும். அவ்வாறும் செய்தனர். எனினும் அது இரட்டை உழைப்பு. சாயவேரில் நூலைச் சிவக்க வைப்பதற்கே நல்லெண்ணெயும் சாம்பற்காரமுமாக மாறி மாறி ஊட்டி, வெயிலில் உலர்த்தி, ஆற்றில் அலசி, வாரக்கணக்கில் பாடுபட வேண்டியிருந்தது.

இந்த இடத்தில்தான் இப்னுல் ஹைஸமின் பம்பரம் தறிக்கு வருகிறது. பாவில் சிவப்பு நூலும் நீல நூலும் சம அகலப் பட்டைகளாக ஓடுகின்றன என்று கொள்வோம். ஊடையிலும் அவ்வாறே. சாதா நெசவில் சிவப்பைச் சிவப்பு வெட்டும் இடம் சிவப்பாகும். நீலத்தை நீலம் வெட்டும் இடம் நீலமாகும். சிவப்பும் நீலமும் ஒன்றையொன்று வெட்டும் இடத்தில் ஊதா தோன்றும். கணக்கிட்டால் துணியின் கால் பங்கு சிவப்பு, கால் பங்கு நீலம், எஞ்சிய அரைப்பங்கும் ஊதா. கொப்பரையில் எந்நூலையும் இருமுறை முக்காமலே துணியில் பாதி ஊதாவாகிவிடுகிறது! அணுகிப் பார்த்தால் சிவப்புப் புள்ளியும் நீலப் புள்ளியும். நான்கடி விலகினால் ஒரே நிறம். இந்த ஊதாவுக்கு உயிர்ப்பு அதிகம். உடுத்தியவர் நடக்கையில் மடிப்புகளில் ஒருபுறம் செம்மையும் மறுபுறம் நீலமும் எட்டிப் பார்க்கும். ஒரே சாயத்தில் தோய்ந்த ஊதாத் துணி இவ்வாறு அசைவதில்லை. கட்டம் போட்ட துணியை எளியோரின் துணி என்று இகழ்வோர் இக்கணக்கை அறியாதவர் என்போம்.

கட்டத் துணி ஊரின் பெயரையும் தன்னோடு கொண்டு சென்றது. பழவேற்காட்டைப் போர்த்துக்கேயர் ‘பலியக்காட்’ என்றனர். ஆங்கிலேயர் ‘புலிகாட்’ என்றனர். மலாய் மொழியில் அது ‘பெலிகாட்’ ஆனது. மலேசியாவிலும் இந்தோனேசியாவிலும் ‘காயின் பெலிகாட்’ என்றால் ஆண்கள் அணியும் கட்டம் போட்ட கைலி. ஜும்ஆவுக்கும் பெருநாள் தொழுகைக்கும் மலாய் ஆண்கள் உடுத்திச் செல்வது அதுவே. மாலையில் வீட்டுத் திண்ணையில் உடுத்தி அமர்வதும் அதுவே. சூலியாக்கள் என்று அங்கு அழைக்கப்பெற்ற தமிழ் முஸ்லிம் வணிகர்களுக்கு இத்துணியைக் கொண்டு சேர்த்ததில் பெரும் பங்கு உண்டு. கடல் கடந்த ஒரு முஸ்லிம் சமூகத்தின் தொழுகை ஆடை, திருவள்ளூர் மாவட்டத்து மீனவ ஊர் ஒன்றின் பெயரை நாள்தோறும் உச்சரிக்கிறது. பினாங்கிலிருந்து வரும் உறவினர் ‘பெலிகாட்’ என்று கேட்கும்போது நாம் அதை ஏதோ மலாய்ச் சொல்லென்று எண்ணி நகைத்திருக்கிறோம்.

மேற்கே போன கதை வேறு. 1785ஐ ஒட்டி ஸ்காட்லாந்தின் கிளாஸ்கோவில் ‘புல்லிகேட்’ என்ற பெயரிலேயே கட்டக் கைக்குட்டைகள் நெய்யத் தொடங்கினர். அதே 1785இல் அந்நகரில் ஜார்ஜ் மாக்கின்டோஷும் பாபியோன் என்னும் பிரெஞ்சுக்காரரும் சேர்ந்து ‘துருக்கிச் சிவப்பு’ச் சாயச்சாலை தொடங்கினர். எண்ணெயும் காரமும் ஊட்டி நூலைச் சிவக்க வைக்கும் அம்முறை உதுமானிய நாட்டு எதிர்னேயின் பெயரால் ஐரோப்பாவில் புகழ்பெற்றது. நம் சாயவேர் முறையின் நெருங்கிய உறவு அது. பழவேற்காட்டின் கட்டமும் எதிர்னேயின் சிவப்பும் மழைபெய்யும் ஒரு வடநாட்டு நகரில் சந்தித்துக் கொண்டன. அந்நகரின் விசைத்தறித் துணி பின்னர் நம் கரைக்கே வந்து இறங்கியதும் நாம் அறிந்ததே.

இனி இந்நிறத்தின் பயன்பாட்டுக்கு வருவோம். தொழுகை ஆடைக்கு ஆழ்ந்த நிறக் கட்டம் ஏன் உகந்ததாயிற்று? நமக்குத் தோன்றும் முதற் காரணம் மறைப்பு. மறைக்க வேண்டிய உடற்பகுதியின் தோல் நிறம் வெளியே தெரியாதவாறு ஆடை இருக்க வேண்டும் என்பது ஃபிக்ஹின் விதி. வெப்ப நாட்டில் துணி மெல்லியதாகவும் இருக்க வேண்டும். மெல்லிய வெண்துணியோ ஒளியில் காட்டிக் கொடுத்துவிடும். மெல்லியதாயினும் ஆழ்ந்த ஊதா மறைத்துவிடுகிறது. இரண்டாவது, ஸுஜூதிலும் அமர்விலும் முழங்கால் பதியும் இடத்தில் அழுக்கைக் கறுப்பும் காட்டும், வெள்ளையும் காட்டும். கறுப்பில் தூசி தெரியும், வெள்ளையில் கறை தெரியும். இடைப்பட்ட ஆழ்நிறக் கட்டம் இரண்டையும் விழுங்கிக் கொள்ளும். மூன்றாவது, மேலே அணியும் வெள்ளைச் சட்டை. வெண்ணிற ஆடை நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் விரும்பி ஏவியது. கீழே ஆழ்ந்த ஊதா இருக்கும்போது மேலுள்ள வெண்மை எடுப்பாகத் தெரிகிறது.

ஆயினும் இதில் ஒரு நுட்பமான தொல்லை உண்டு. ஒரு நிறம் தன் எதிர்நிறத்தின் சாயலை அண்டையிலுள்ள பொருளின்மேல் ஏற்றிவிடும். பாரிசின் கோபலின் திரைச்சீலைச் சாலையில் சாயப்பிரிவின் தலைவராக இருந்த வேதியியலார் செவ்ரூல் இதை விரிவாக ஆராய்ந்து 1839இல் நூலாக வெளியிட்டார். அவர் ஆராயத் தொடங்கியதே ஒரு முறையீட்டினால்தான். நீல, ஊதாத் துணிகளின் மடிப்புக்கு நிழல் காட்ட இட்ட கறுப்பு நூல் வலுவின்றித் தோன்றுகிறது என்று குறை கூறினர். அவர் சோதித்தபோது கறுப்புச் சாயத்தில் குறையே இல்லை. பக்கத்திலிருந்த ஊதாதான் கறுப்பைப் பழுப்பாகக் காட்டியது. இதே விதியால் ஊதாவின் அருகிலுள்ள வெள்ளை சிறிது மஞ்சளாகத் தோன்றும். துவைத்துத் துவைத்து உண்மையிலேயே பழுத்துப்போன சட்டையானால் கேட்கவே வேண்டா. அதற்கு மருந்தும் ஊதாவே. மஞ்சளை ஊதா ஈடுசெய்து விடும். 1983இல் கேரளத்தில் தோன்றி நம் இல்லங்களெங்கும் புகுந்த உஜாலாப் புட்டியைப் பாருங்கள்: வெண்மைக்கென்று விற்கப்படும் அந்நீர் ஆழ்ந்த ஊதா நிறம்.

எனவே கறுப்புக் கோட்டை ஊதாவின் பக்கத்தில் இடுவது வீண். மஞ்சளோ வெண்மையோ ஒரே ஒரு மெல்லிழையாக ஓடினால் போதும், முழுத் துணியும் விழித்தெழும். பழைய கைலிகளில் கட்டத்தின் ஓரத்தில் ஓடும் இரண்டிழை மஞ்சளை நெசவாளர் வீணாக வைத்தாரில்லை. நீல ஊதாவும் பொன்னும் என்ற இதே இணைப்பு உச்சம் எய்திய இடம் வேறொன்று உண்டு. கி.பி. 9 அல்லது 10ஆம் நூற்றாண்டைச் சார்ந்ததாகக் கருதப்படும் ‘நீலக் குர்ஆன்’ ஏடுகள் அவுரியில் தோய்ந்து நள்ளிரவு வானம் போல் இருண்ட தோலில் பொன்னெழுத்தாய்க் கூஃபி லிபியில் எழுதப்பட்டவை. பக்கத்துக்குப் 15 வரிகள். துனீசியாவில் பல ஏடுகளும் உலகின் வேறு அருங்காட்சியகங்களில் உதிரி ஏடுகளும் உள்ளன. இருண்ட நிலத்தில் பொன் தன் முழு ஒளியையும் பெறுகிறது. வாசிக்க எளிதன்று, ஆனால் கண்ணை விலக்க இயலாது.

அந்த அழகைப் பார்த்துவிட்டு இக்காலத்தில் பள்ளிவாசலின் உட்சுவர் நான்கையும் ஊதா வண்ணத்தால் நிரப்புவோர் இருக்கின்றனர். நமக்கு உடன்பாடில்லை. ஆழ்ந்த ஊதா ஒளியை விழுங்கும். நண்பகலிலும் விளக்கேற்ற வேண்டிவரும். மிஹ்ராபின் குழிவிலோ, எழுத்துப் பட்டையின் நிலமாகவோ அதை இடுவது தகும். விரிப்பு வாங்குவோரும் ஒன்றை நினைவில் கொள்ளலாம். மஞ்சள் ஒளி விளக்கின்கீழ் ஊதா பழுப்பாகத் திரிந்து தோன்றும்; கடையின் விளக்கை நம்பாது வாசலில் பகல் வெளிச்சத்தில் விரித்துப் பார்த்துத் தேர்வதே முறை.

சாயவேரும் அவுரியும் வீழ்ந்த கதையைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். வடமொழியின் நீலம் பாரசீகத்தில் நீல் ஆகி, அரபியில் ‘அந்நீல்’ ஆகி, போர்த்துக்கேயத்தில் ‘அனில்’ ஆயிற்று. 1840இல் பிரிட்சே என்னும் வேதியியலார் அவுரி நீலத்தைச் சிதைத்து ஒரு திரவம் பெற்று, அதற்கு ‘அனிலின்’ என்று பெயரிட்டார். 1856இல் இலண்டனில் 18 வயது இளைஞர் வில்லியம் பெர்க்கின், மலேரியாவுக்கான கொயினாவைச் செயற்கையாக ஆக்க முயன்று, தார் எண்ணெயிலிருந்து கிடைத்த அனிலினைக் கொண்டு எதிர்பாராமல் கண்டது ஓர் ஊதாச் சாயம். உலகின் செயற்கைச் சாயத் தொழில் ஊதாவில் தொடங்கியது! 1868இல் சாயவேரின் செம்மைக்கு அடிப்படையான அலிசரினை ஜெர்மானியர் செயற்கையாக ஆக்கினர். 1897இல் செயற்கை நீலம் சந்தைக்கு வந்தது. 41 ஆண்டுகளுக்குள் நம் சாயக்காரரின் இரு கொப்பரைகளும் ஆறிப்போயின. அவுரியைக் கொன்ற தொழிலுக்கு அவுரியின் அரபுப் பெயரே முதற்பெயராயிற்று.

புதிய ஊதாக்கள் மலிவானவை, பகட்டானவை. முதல் தலைமுறைச் சாயங்கள் நிலையற்றவையாகவும் இருந்தன. அவற்றுள் ஒன்றை நாம் இன்றும் அன்றாடம் கையாள்கிறோம். அலுவலக முத்திரை மையில் நெடுங்காலம் கோலோச்சிய மெத்தில் வயலெட் அது. நம் ஜமாஅத்துகளின் நிகாஹ் பதிவேடுகளிலும் சான்றிதழ்களிலும் வட்டமாகப் பதியும் அந்த ஊதா, ஒளியில் வைத்தால் வெளிறிப்போகும் இயல்புடையது. நமக்கு நன்கு பழக்கமான ஒரு மஹல்லாவின் பழைய பதிவேட்டைச் சில ஆண்டுகளுக்கு முன் பார்க்க நேர்ந்தது. சன்னலோர அலமாரியில் திறந்து கிடந்த ஏடுகளில் முத்திரை வட்டம் நிழலாகக்கூட இல்லை. காழியார் இரும்பு மசியால் இட்ட கையெழுத்தோ கருநீலம் மாறாமல் அப்படியே இருந்தது. ஒரு மூதாட்டிக்கு ஓய்வூதியத்துக்காக அப்பதிவின் படி தேவைப்பட்டது. முத்திரை எங்கே என்று கேட்டனர். மூன்று மாதம் அலைந்தார். துவர்ப்பும் இரும்பும் கூடிய மை, கடுக்காயும் இரும்பும் கூடிய பழைய சாயக்கூட்டின் உறவு என்பது வாசகருக்கு நினைவிருக்கும். இன்று அவ்வேடுகளை ஒளிபடாத பெட்டியில் பூட்டி, ஒவ்வொரு பக்கத்துக்கும் படம் எடுத்து வைத்துள்ளனர். பதிவேடுகளைக் காக்கும் பொறுப்பிலுள்ள முத்தவல்லிகள் இதனைக் கருத்தில் கொள்ள வேண்டுகிறோம். கையெழுத்துக்கும் முத்திரைக்கும் நிறமி கலந்த, நிலைத்து நிற்கும் மை இப்போது எளிதில் கிடைக்கிறது.

அண்மையில் கும்மிடிப்பூண்டி மின்தொடர் வண்டியில் ஏறிப் பொன்னேரியில் இறங்கினோம். பழவேற்காடு அங்கிருந்து ஏறத்தாழ 20 கிலோமீட்டர். வண்டியில் நம்முடன் வந்த தொழிற்பேட்டை இளைஞர்கள் நீலச் சீருடையில் இருந்தனர். தங்குமிடம் சேர்ந்ததும் அவர்கள் மாற்றிக்கொள்வது கட்டக் கைலியைத்தான். திருவள்ளூர் மாவட்டத்தில் கைலித் தறிகள் இப்போது ஒலிப்பது மேற்கே பொதட்டூர்ப்பேட்டை, பள்ளிப்பட்டு வட்டாரங்களில். கடற்கரையில் ஆரணி ஆறு ஏரியில் கலக்கிறது. பழவேற்காட்டின் பெண்கள் பனையோலையில் பெட்டி முடைகின்றனர்.

பொன்னேரிக் கடைத்தெருவில் ஒரு துணிக்கடையில் ஊதாக் கட்டக் கைலி கேட்டோம். உறையின்மேல் ‘பழையகாட்’ என்று அச்சிட்டிருந்தது. வேறு உறைகளில் இப்பெயர் ‘பளையகாட்’ என்றும் ‘பாலயகாட்’ என்றும் வருவதுண்டு. இது என்ன பெயர் என்று கடைக்காரரை வினவினோம்.

“அது ரகத்தோட பேரு பாய். காட்டன்ல நல்ல ரகம்” என்றார்.

கைலியை வாசலுக்கு எடுத்துச் சென்று வெயிலில் பிடித்துப் பார்த்தோம். நிறம் ஆழமாக, ஒரே சீராக இருந்தது. மஞ்சள் இழையும் இருந்தது, இடம் தப்பாமல். பின்னர் மூட்டாத ஓரத்திலிருந்து, ஊதாக் கட்டத்தின் நடுவே, பாவில் ஒன்றும் ஊடையில் ஒன்றுமாக இரண்டு நூலை உருவினோம். சிவப்பும் நீலமுமாக வருமா என்று பார்ப்பதற்கு. இரண்டும் ஊதாவாகவே வந்தன.